திருப்பிக் கொடுத்த வாய்தா

1959-ஆம் வருஷம் ஜூன் மாதம் 9-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிஷம். வானத்தில் துண்டு மேகம் இல்லை. மேல்காற்று தெருப்புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அதோடு கீழே கிட்டங்கியில் கொட்டிக் கிடந்த மிளகாய் வத்தலின் நெடியும் ஏறி வந்தது. விருதுநகர் பஜாரில் ஒரு வத்தல் கிட்டங்கியின் மாடியில்தான் என் அலுவலகம். நான் நான்கு தடவை தும்மினேன். ஐந்தாவது தும்மல் வருவதற்குள் காளிமுத்து படியேறி வந்து, மேஜைமேல் ஒரு நோட்டீசை வைத்தார்.

பிரியமான சகோதர சகோதரிகளே, அந்த நோட்டீசில் தொடங்கி அந்த மாதம் முடியும்வரை ஆண்டவர் என்னை நடத்திய விதத்தை எழுதுகிறேன். எனக்கு இப்போது அறுபத்தேழு வயது. இதைச் சபையில் எழுந்து சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வியாபாரிகளுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் ஆடிட்டர் பரீட்சை எழுதியவன் அல்ல. ஆனாலும் எல்லோரும் 'ஆடிட்டர் ஐயா' என்றே கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. காளிமுத்துவுக்கு அச்சங்குளத்தில் சிறிய பட்டாசுக் கம்பெனி. அறுபது பேர் வேலை செய்தார்கள். நோட்டீசில் கண்டிருந்தது இதுதான்: 18-ஆம் தேதி பதினொரு மணிக்கு இரண்டு வருஷத்துக் கணக்குப் புத்தகங்களோடு வருமான வரி அதிகாரி முன் ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால் அதிகாரி தமக்குத் தோன்றிய வருமானத்தைப் போட்டு வரி விதிப்பார். அப்படி விதித்துவிட்டால் காளிமுத்து அந்தத் தீபாவளிக்குக் கந்தகமும் காகிதமும் வாங்க வழியில்லை.

புத்தகங்கள் என்னிடம்தான் இருந்தன. மாசி மாதத்திலிருந்து இருந்தன. நான் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. ஜூன் முப்பதுக்குள் முப்பத்தெட்டுப் பேருக்குக் கணக்கு முடித்து, நமூனா என்கிற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வருஷத்தில் எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு மாதம். அதன் நடுவில் காளிமுத்துவின் புத்தகத்தை எடுத்தால் பத்து நாள் போய்விடும். ஆகவே வாய்தா வாங்கிவிடலாம் என்றேன். விசாரணைத் தேதியைத் தள்ளிப்போடுவதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மனு எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி பொன்னையா எங்கள் ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். கிறிஸ்தவர் என்று கேள்வி, ஆனால் எங்கள் ஆலயத்துக்கு அதுவரை வந்ததில்லை. மனுவை வாசித்தார். தலை நிமிராமலே சொன்னார்: "ஜூன் மாசம் எல்லாருக்கும் ஜூன் மாசந்தான் சார். பதினெட்டாம் தேதி வந்துருங்க."

அவர் சவரம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சட்டைக் காலரில் அழுக்கு இருந்தது. நான் அதைக் கவனித்தேன். இவ்வளவு அலட்சியமாக வருகிற மனுஷன் எனக்குச் சட்டம் சொல்கிறாரே என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு முழங்காலிட்டேன். நான் பண்ணிய ஜெபம் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "ஆண்டவரே, எப்படியாவது அந்தத் தேதியைத் தள்ளிவையும். அந்த மனுஷனுக்கு என்ன வந்தாலும் சரி, எப்படியாவது தள்ளிவையும். பத்து ரூபாய் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறேன்."

என்ன வந்தாலும் சரி. இந்த மூன்று வார்த்தைகளை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

18-ஆம் தேதி, பாதி முடித்த கணக்கோடு நானும் காளிமுத்துவும் போனோம்.  தலைமை எழுத்தர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். "ஐயா லீவு. வீட்டுல சுகமில்லையாம். இன்னைக்கு உள்ள கேஸ் எல்லாம் தள்ளிப் போட்டாச்சு."

"எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன்.

"ஜூலை ஆறு."

நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று கேட்க என் வாய்க்கு வரவில்லை. தேதியைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் நடப்பதே சுகமாக இருந்தது.

டீக்கடையில் காளிமுத்து மெதுவாகச் சொன்னார். "ஐயா, உங்ககிட்ட சொல்லல. நான் மாரியம்மனுக்கு நேந்துருந்தேன், தேதி தள்ளிப் போகணும்னு. நீங்க என்ன செஞ்சீக?"

நானும் ஜெபம் பண்ணினேன் என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருக்கோம். தள்ளாம எங்கன போகும்?"

இருவரும் சிரித்தோம். டீக்கு நான் காசு கொடுத்தேன். வழக்கமாக அவர்தான் கொடுப்பார்.

எங்கள் ஆலயத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. நன்மை பெற்றவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி, பணத்தோடு உபதேசியாரிடம் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன் அவர் வாசிப்பார். பசு சுகமாகக் கன்று போட்டதற்காக எட்டணா, மகன் பரீட்சையில் தேறியதற்காக ஒரு ரூபாய் என்று போகும். நான் சனிக்கிழமையே சீட்டைக் கொடுத்துவிட்டேன். பத்து ரூபாய் என்பதால் அந்த வாரத்தில் அதுதான் பெரியது. அந்த நினைப்பும் எனக்கு இருந்தது. மறைக்கவில்லை.

21-ஆம் தேதி ஞாயிறு ஆராதனை. ஆண்கள் பக்கம், எனக்கு இரண்டு பெஞ்சுக்கு முன்னால், ஒரு கழுத்தைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கழுத்து என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே உபதேசியார் ஜெப விண்ணப்பங்களை வாசிக்க ஆரம்பித்தார்.

"நமது ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற வருமான வரி அதிகாரி திரு. பொன்னையா அவர்களின் ஒரே மகள் சாரா, வயது ஏழு, டைபாய்டு காய்ச்சலால் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருக்கிறாள். சபையார் ஊக்கமாக ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறார்."

 எழுந்துபோய் உபதேசியார் கையிலிருந்து என் சீட்டைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவர் காணிக்கைச் சீட்டுக் கட்டை எடுத்தார். முதல் சீட்டு, பிறந்தநாள். இரண்டாவது, வீடு கட்டி முடித்தது. மூன்றாவது என்னுடையது. பெயரை வாசித்தார். "வருமான வரி விசாரணை தள்ளிவைக்கப்பட்டதற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய்..." என்று வந்தவர், தாம் என்ன வாசிக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்ததுபோல் குரலை விழுங்கினார். "பத்து" என்று மட்டும் மெல்லக் கேட்டது.

பின்னால் யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி ராஜம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த அந்தக் கழுத்து திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன்பே வெளியே வந்துவிட்டேன். அவசரத்தில் என் செருப்பு அகப்படவில்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். அதே காலர். கண்கள் சிவந்திருந்தன.

"சார்," என்றார், "நீங்க கேட்டா கிடைக்குது. எம் பிள்ளைக்கும் கேளுங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குத்தல் இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே கேட்டார்.

வீட்டில் ராஜம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். பதில் வரும்வரை விடமாட்டாள். "கிளார்க் சுகமில்லைன்னு சொன்னாருல்ல. யாருக்குன்னு கேட்டீகளா?" என்றாள். கேட்கவில்லை என்றேன்.  நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

திங்கட்கிழமை ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளைக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உதடு வெடித்து, நாக்கு வறண்டு, சிறகில்லாத குஞ்சுபோலக் கிடந்தாள். தாய் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னையா என்னை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். பழத்தை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"உங்க கேஸ் எங்கிட்ட இருக்கு சார். பழம் வாங்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க. ஜெபம் பண்ணுங்க. அதுக்கு யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க."

மருந்து ஏதாவது வெளியூரிலிருந்து வாங்கி வரவேண்டுமா என்று கேட்டேன். அதுவும் வேண்டாம் என்றார். ஆக, அந்தக் குடும்பத்துக்கு நான் செய்யக்கூடிய உபகாரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் நான் பத்து நாளைக்கு முன் கெடுத்துவைத்திருந்தேன்.

காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று தயங்கிக் கேட்டேன். ஏழாம் தேதி என்றார். நான் ஜெபித்தது பன்னிரண்டாம் தேதி. விரல் விட்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். என் ஜெபத்தால் வந்த காய்ச்சல் அல்ல. அந்த மட்டும் ஆறுதல். ஆனால் இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது. அவர் எனக்கு வாய்தா மறுத்த அன்று, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தமக்கே லீவு கேட்காதவர் எனக்கு எப்படித் தேதி கொடுப்பார்? நான் காலர் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பிள்ளை முனகியது. "அப்பா, ஆபீசுக்குப் போகலையா?"

அவர் என்னிடம் சொன்னார்: "இதையேதான் கேக்குறா. நான் ஆபீசுக்குப் போனா அவளுக்குத் தேறிருச்சுன்னு நினைப்பு. இங்கனயே இருந்தா பயப்படுறா."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். வழக்கமாக எனக்கு ஜெபம் தடையில்லாமல் வரும். அன்று வரவில்லை. வாயைத் திறந்தால் பழைய ஜெபம்தான் நினைவுக்கு வந்தது. வெகுநேரம் கழித்து இப்படிச் சொன்னேன். "ஆண்டவரே, நீர் கொடுத்த வாய்தாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எனக்கு வேண்டாம். அந்தத் தகப்பன் நாளைக்கே ஆபீசுக்கு வரட்டும். நாளைக்கே என்னைக் கூப்பிடட்டும்." சொல்லி முடித்ததும் அழுதேன். போகிற வருகிறவர்கள் என் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நாளைக்கே கூப்பிடும்படி கேட்டவன் நாளைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டாமா? நேரே அலுவலகம் போய், மற்ற கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, காளிமுத்துவின் புத்தகங்களை விரித்தேன். மறுநாள் வந்த காளிமுத்து திகைத்துவிட்டார். "ஜூலை ஆறுதானே ஐயா? ஏன் இம்புட்டு அவசரம்?"

உள்ளதை உள்ளபடி சொன்னேன். சீட்டையும் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "நானும் போய் அம்மங்கிட்டச் சொல்லிட்டு வாரேன். நேந்தது தப்பாப் போச்சு தாயின்னு" என்று எழுந்து போனார். சாயங்காலம் திருநீற்றோடு திரும்பி வந்தார். கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான்கு நாள் என் எதிரே உட்கார்ந்து பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தார். நடுநடுவே, "பிள்ளைக்கு எப்படி இருக்காம்?" என்பார். காலையும் மாலையும் நான் அந்தப் பெஞ்சுக்குப் போய்வந்தேன்.

மற்ற வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். எண்ணெய் வியாபாரி ஒருவர் தம்முடைய கட்டு பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டார். "ஆடிட்டர் ஐயாவுக்குப் பட்டாசுக்காரக மேலதான் பாசம். நாம என்ன, எண்ணெய்தானே, வழுக்கிட்டுப் போயிருவோம்" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அவரைப் பார்த்து ஆறு பேர் போனார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு முகம் இல்லை.

25-ஆம் தேதி வியாழக்கிழமை பிள்ளைக்கு மிகவும் மோசம் என்றார்கள். தாய் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று நான் பெஞ்சில் உட்காரவில்லை. வராந்தா ஓரத்தில் முழங்காலிட்டேன். வார்த்தை ஒன்றும் இல்லை. பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் சபைப் போதகரான ஐயர் சைக்கிளில் வந்து, படியேறி வரப் பொறுக்காமல் கீழே நின்றபடியே சொன்னார். விடியற்காலையில் நன்றாக வியர்த்ததாம். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். கஞ்சி கேட்டதாம். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காளிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வத்தல் நெடி ஆளைக் கொல்லுது ஐயா" என்றார்.

29-ஆம் தேதி திங்கட்கிழமை மத்தியானம் அதிகாரி அழைப்பதாகப் பியூன் வந்தான். போனேன். சவரம் செய்திருந்தார். சட்டை வெளுப்பாக இருந்தது. மேஜைமேல் தள்ளிவைத்த கேஸ்கள் அடுக்காக இருந்தன.

"ஜூலையில இடமே இல்ல சார்," என்றார். "உங்க கேசை நாளைக்குப் பதினொரு மணிக்கு எடுத்துக்கலாமா? கட்டாயம் இல்ல. முடியாதுன்னா ஜூலை ஆறு இருக்கு."

நாளைக்கு. நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட அதே சொல். ஆனால் நாளை என்பது ஜூன் முப்பது. என்னைவிட்டுப் போகாதவர்களில் பதினான்கு பேருடைய நமூனாக்கள் பாக்கி. வருஷம் முழுவதிலும் எனக்கு முடியாத நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான். சகோதரரே, ஜூலை ஆறு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வெட்கம் திரும்ப வந்து என்னைக் காப்பாற்றியது. வருகிறேன் என்றேன். காளிமுத்துவிடம் சொன்னபோது, "கேட்டது கிடைச்சிருச்சு, போங்க. இனிமே ஜெபம் பண்ணுனா தேதியைப் பாத்துப் பண்ணுங்க ஐயா" என்றார்.

விசாரணை மத்தியானம்வரை நடந்தது. பொன்னையா எங்களுக்கு ஒரு சலுகையும் காட்டவில்லை. ஆயுதபூஜைச் செலவில் பாதியை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிச் சத்தமாகக் கொடுத்த வாடகைக்கு ரசீது இல்லாததை அடித்துவிட்டார். மற்றபடி எங்கள் கணக்கை ஏற்றுக்கொண்டார். காளிமுத்து கட்டக்கூடிய வரிதான் வந்தது. கம்பெனி பிழைத்தது. அவர் எனக்காக வளையவில்லை என்பதற்கும் நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். வளைந்திருந்தால் நான் பண்ணிய ஜெபம் லஞ்சமாகியிருக்கும். கையெழுத்துப் போட்டு முடித்தபின், பேனாவை மூடிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டா."

மீதி நாளில் எட்டு நமூனாக்களை முடித்தேன். ஆறு பேருக்கு அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவர்களுக்கும் பொன்னையா கொடுத்தார்.

ஜூலை 4-ஆம் தேதி சனிக்கிழமை உபதேசியாரிடம் இன்னொரு சீட்டையும் பத்து ரூபாயையும் கொடுத்தேன். அவர் இந்தத் தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். "சரியாத்தான் எழுதியிருக்கீகளா? போன தடவை தள்ளிவச்சதுக்குன்னு குடுத்தீக" என்று கேட்டார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். மறுநாள் ஆலயத்தில் வாசித்தார்: "வருமான வரி விசாரணை முன்னதாகவே வந்ததற்காக, ரூபாய் பத்து." சபை வாய்விட்டுச் சிரித்தது. பெண்கள் பக்கம் தாய் மடியில் சாய்ந்திருந்த ஒரு மொட்டைத் தலை, எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தது. அவள் தகப்பனும் அன்று திரும்பி என்னைப் பார்த்தார்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் மாற்றலாகிப் போனார்கள். இப்போது அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது. கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டை வருகிறது.

அன்றுமுதல் யாராவது வீட்டில் சுகமில்லை என்றால், யாருக்கு என்று கேட்காமல் நான் நகருவதில்லை. 'எப்படியாவது' என்ற சொல்லை ஜெபத்தில் சேர்ப்பதில்லை. இன்னும் கவலைப்படுகிறவன்தான் நான். தேதிகளையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் என் காரியத்துக்காக முழங்காலிடும்போது, அது கிடைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் அவரிடமே விட்டுவிடுகிறேன். இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு தேதி குறித்திருக்கலாம், நீங்களும் அதைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேளுங்கள். அவர் கேட்கிறவர். கேட்டபின் உங்கள் பக்கத்துப் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். வெட்கப்பட்டு வருகிறவனையும் அவர் தள்ளுவதில்லை. நான் சாட்சி.

கணக்கு எழுதுகிறவன் கணக்கை முடிக்காமல் விடக்கூடாது. என்னைவிட்டுப் போன ஏழு பேரால் அந்த வருஷம் வராமல் போன கூலி இருநூற்று நாற்பத்தைந்து ரூபாய். காணிக்கை இரண்டு தடவை, இருபது ரூபாய். அதிகாரி வாங்க மறுத்து, நானும் ராஜம்மாளும் உரித்துத் தின்ற சாத்துக்குடி ஆறு, ஒரு ரூபாய் நாற்பது நயா பைசா. ஆக மொத்தம் இருநூற்று அறுபத்தாறு ரூபாய் நாற்பது நயா பைசா.